இடைவிடாமல், இடைகழியில்

1955 டிசம்பரில் பிரெஞ்சு பெனடிக்டைன் துறவி ஒருவர் திருக்கோவிலூருக்கு வந்தார். பெயர் ஆன்ரி லெ சோ. குளித்தலை பக்கம் காவிரிக்கரையில் 1950ல் ஜூல் மோன்ஷானனோடு சேர்ந்து சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கியவர். காவி கட்டி, அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டவர். திருவண்ணாமலைக் குகைகளில் மௌனமாக இருந்து பார்த்தவர். இங்கே ஞானானந்தகிரி சுவாமிகளைச் சந்தித்தார். அடுத்த வருஷம் திரும்பி வந்து தபோவனத்தில் சில வாரங்கள் தங்கினார். அந்த அனுபவத்தைப் பின்னால், தன்னை 'வன்யா' என்று படர்க்கையில் வைத்துத் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

நான் இதே ஊர்க்காரன். டேனிஷ் மிஷன் வழியாக வந்த லுத்தரன் குடும்பம். தபோவனத்தைப் பஸ்ஸில் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே ஒரு கிறிஸ்தவத் துறவி மாணவனாக உட்கார்ந்திருந்தார் என்பது முப்பது வயதுக்கு மேல் பெங்களூரில்தான் தெரிந்தது. அவர் ஆங்கிலத்தில் எழுதி 1967ல் தில்லியில் வெளிவந்த 'பிரேயர்' என்ற சின்னப் புத்தகம் கையில் கிடைத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

புத்தகத்தின் கேள்வி பழையது. இடைவிடாமல் ஜெபிக்கச் சொல்லி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். சரி, எப்படி? நம்ம சபைகளில் இதற்கு வழக்கமான பதில், நேரத்தைக் கூட்டு என்பது. காலை ஜெபம், குடும்ப ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம். எவ்வளவு கூட்டினாலும் இருபத்து நாலு மணி நேரம் நிரம்பாது. மிச்ச நேரமெல்லாம் குற்ற உணர்ச்சிதான்.

அபிஷிக்தானந்தர் கணக்கையே மாற்றுகிறார். ஜெபம் என்பது நாம் செய்கிற பல வேலைகளில் ஒரு வேலை இல்லை. கடவுள் ஏற்கெனவே இங்கே இருக்கிறார். அந்த இருப்பில் விழித்திருப்பதுதான் ஜெபம். இது துறவிகளுக்கு மட்டுமானதும் இல்லை. கிழக்கத்திய திருச்சபையின் இயேசு ஜெபத்தையும் நம் ஊர் நாமஜபத்தையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இதற்காகத்தான். தமிழில் ஜபமும் ஜெபமும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. நாம் மறந்துவிட்டதை அவர் நினைவுபடுத்துகிறார். இந்தப் பகுதிகள் அருமையானவை. பேச வார்த்தை இல்லாதவனும் ஜெபிக்கலாம் என்ற விடுதலை அதில் இருக்கிறது.

போன வருஷம் அப்பா பதினோரு நாள் ஐசியூவில் இருந்தார். அப்போது இந்தப் புத்தகம் என் பையில் இருந்தது. ராத்திரி வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொன்னபடி மூச்சோடு நாமத்தைச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே மானிட்டர் சத்தம். போனில் இன்சூரன்ஸ்காரர். மருந்துச் சீட்டு. விழித்திருக்கச் சொல்கிறார், விழித்துத்தான் இருந்தேன். ஆனால் அது ஜெபம் இல்லை, பயம்.

அந்த நாற்காலியிலிருந்து படிக்கும்போதுதான் புத்தகத்தின் குறை தெரிந்தது. எல்லா வேலையும் ஜெபமாகலாம் என்று அவர் சொல்கிறார், கொள்கையாகத்தான் சொல்கிறார். அவர் எழுத்தில் சூடு ஏறுவது மௌனத்தையும் தனிமையையும் பேசும்போதுதான். இது அவருக்கு மட்டுமான குறை இல்லை. 'யாத்திரிகனின் வழி' என்ற ரஷ்ய நூலின் நாயகன் இயேசு ஜெபத்தை ஒரு நாளைக்கு மூவாயிரம், பிறகு ஆறாயிரம், பிறகு பன்னிரண்டாயிரம் தடவை சொல்கிறான். அவனுக்கு ஒரு கை சூம்பியது, மனைவி இறந்துவிட்டாள், வீடு கிடையாது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்தின் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே ஜெபித்த சகோதரர் லாரன்ஸ் நமக்குக் கொஞ்சம் நெருக்கம். ஆனால் அவருக்கும் காத்திருக்கும் பிள்ளைகள் இல்லை. இடைவிடாத ஜெபத்தின் செவ்வியல் நூல்களில் எல்லாம் ஒரு தனி ஆள்தான் ஜெபிக்கிறான்.

அந்தப் பதினோரு நாளும் ஊரில் சபைக்காரர்கள் சங்கிலி ஜெபம் வைத்திருந்தார்கள். தெரியாதவர்களுக்காக: ஒரு தாளில் இருபத்து நாலு கட்டம் போட்டு, மணிக்கு ஒருவராகப் பெயர் எழுதி, அவரவர் வீட்டிலிருந்தே ஜெபிப்பார்கள். ஒருவர் முடிக்கும்போது அடுத்தவர் தொடங்குவார். கல்லூரி நாளில் இதைக் கிண்டல் செய்திருக்கிறேன், கடவுளுக்கே டைம்டேபிளா என்று. எட்டாவது நாள் ராத்திரி அத்தை போன் செய்தார். "நீ கொஞ்சம் தூங்குப்பா. ரெண்டு மணிக்கு நான் பாத்துக்கறேன்."

நான் சாஃப்ட்வேர்க்காரன். ஒரு சர்வர் வருஷம் முழுக்க நிற்காமல் ஓடுகிறது என்றால், யாரோ ஒருவர் வருஷம் முழுக்கத் தூங்கவில்லை என்று அர்த்தம் இல்லை. ஆன்-கால் முறை மாறிக்கொண்டே இருக்கிறது என்றுதான் அர்த்தம். பவுலின் வாக்கியம் பன்மையில் இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் ஒரு ஆளுக்கு எழுதவில்லை, ஒரு சபைக்கு எழுதினார்.

இதுவும் பழைய அறிவுதான். எகிப்தியப் பாலைவனத் துறவி லூசியஸிடம் சிலர் வந்து, நாங்கள் வேலையே செய்வதில்லை, இடைவிடாமல் ஜெபிக்கிறோம் என்றார்களாம். தூங்கும்போது உங்களுக்காக யார் ஜெபிப்பது என்று கேட்டார் லூசியஸ். அவர் ஜெபித்தபடியே கயிறு திரிப்பார். கிடைத்த காசில் இரண்டை வாசலில் வைத்துவிடுவார். அதை எடுத்துப்போகும் ஏழை, அவர் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவருக்காக ஜெபிப்பான். 1727ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவிய சபையார் இருபத்து நாலு ஆண்கள், இருபத்து நாலு பெண்கள் என்று மணிநேரத்தைப் பங்கிட்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சபையார் 1760ல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள்.

சங்கிலி ஜெபத்துக்கும் நோய் உண்டு. கட்டம் நிரம்பினால் போதும் என்று ஆகிவிடும்; ஒரு மணி நேரம் உதடு அசையும், மனசு டிவி சீரியலில் இருக்கும். அங்கே அபிஷிக்தானந்தர் தேவைப்படுகிறார். தாள் நேரத்தைக் காக்கும், கவனத்தைக் காக்காது. ஆனால் தனி மனிதனின் கவனம் உடைகிற இடத்தில் எட்டிப் பிடிக்க அவர் புத்தகத்தில் கை இல்லை.

அந்தக் கை அவர் வந்த ஊரின் கதையிலேயே இருக்கிறது. மழை ராத்திரி. திருக்கோவிலூரில் ஒரு குறுகலான இடைகழி. பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வருகிறார்; ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்கிறார்கள். பேயாழ்வார் வருகிறார், மூவர் நிற்கலாம் என்று நிற்கிறார்கள். அப்புறம் நாலாவதாக யாரோ நெருக்குகிறார்கள். ஒவ்வொருவரும் படுக்கையை, பிறகு உட்காரும் இடத்தை விட்டுக்கொடுத்த பிறகுதான் பெருமாள் அங்கே இருப்பது தெரிகிறது. பிறந்தவை மூன்று திருவந்தாதிகள். ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். சங்கிலி ஜெபத்தின் இலக்கணம் அதுதான். குகையில் இடம் தாராளம். இடைகழியில் நெருக்கடி. நம் அன்றாடம் இடைகழி மாதிரி.

அப்பா பிழைத்தார். அதை ஜெபத்தின் வெற்றி என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரருக்காகவும் யாரோ ஜெபித்தார்கள், அவர் பிழைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என்னால் முடியாத நேரத்திலும் ஜெபம் நிற்கவில்லை.

அபிஷிக்தானந்தர் 1973 ஜூலையில் ரிஷிகேஷில் மாரடைப்பு வந்து விழுந்தார். கடைசி மாதங்களை இந்தூரில் மற்றவர்கள் பராமரிப்பில் கழித்து, டிசம்பர் 7 அன்று இறந்தார். அந்த மாதங்களுக்குப் பிறகு 'பிரேயர்' புத்தகத்தைத் திரும்ப எழுதியிருந்தால் அதில் இன்னும் சிலர் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். புத்தகத்தைப் படியுங்கள். ஆனால் தாளில் ஒரு கட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது சனிக்கிழமை ராத்திரி, மூணிலிருந்து நாலு.