36-க்கு 36

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கியிருக்கிறீர்களா? மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவு என்று ஒவ்வொன்றிலும் போர்டு வேறு. 2009-ல் நண்பர்களோடு போனபோது, பரீட்சை மார்க் மாதிரி அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே இறங்கினோம். பாதி தாண்டியதும் காருக்குள் கருகல் வாசனை. பிரேக்கை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி உள்ளே போகிறது. ஸ்டியரிங்கில் இருந்தது, வேறு யார், நான்தான்!

முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து எப்படியோ நிறுத்தினோம். ஒரு மணி நேரம் ஆறவைத்து, ஊர்ந்து ஊர்ந்து கீழே வந்து சேர்ந்தால், டீக்கடைப் பெரியவர் வண்டியை மோந்து பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்லதான் இறங்கணும் தம்பி. பிரேக்கு இருக்கறது நிறுத்தறதுக்கு. இறங்கறதுக்கு இல்ல."

நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். ஏறும்போது பெட்ரோலை எரித்து மலையிடம் டெபாசிட் போடுகிறோம். இறங்கும்போது மலை அதைத் திருப்பித் தரும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒன்றரை டன் கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி, சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இருந்தால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் மொத்தச் சூடும் பிரேக் தலையில்.

இதெல்லாம் நம் இன்ஜினீயர்களுக்குத் தெரியாததல்ல. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி, செங்குத்தான மலைப் பகுதியில் வழக்கமான சரிவு 6 சதவீதம். அதாவது 100 மீட்டர் போனால் 6 மீட்டர் இறக்கம். வேறு வழியே இல்லாத இடத்தில் 8 வரை போகலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் 2.5-க்கு மேல் கூடாது. அதாவது, விதிப்படி பார்த்தால் சரிவு குறைவாக இருக்க வேண்டிய இடமே வளைவுதான். நாமோ அதைத்தான் எண்ணி, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுக்கிறோம். பிரேக்கைத் தின்பது இரண்டு வளைவுக்கு நடுவில் இருக்கும் இறக்கம். அதற்கு நம்பர் போட்ட போர்டை நான் பார்த்ததில்லை.

2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் கல்லட்டிப் பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். விழுந்த வண்டியைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. அதன் பிறகு வெளி மாவட்ட வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை வந்தது. உயிர் காக்கும் தடை, சரி. ஆனால் தடுக்கப்பட்டவர் அடுத்த வாரம் கொல்லிமலையில் 70 வளைவு இறங்குவாரே? அவருக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்தோம்?

வளைவுதான் வில்லன் என்றால் தொப்பூர் கணவாய்க்கு என்ன சொல்வது? அது கொண்டை ஊசி விளையாட்டெல்லாம் இல்லாத நான்கு வழி தேசிய நெடுஞ்சாலை. 2020 டிசம்பரில் அந்த இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி, பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் மோதி நான்கு பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவில் மலையிலிருந்து டென்வர் நகரத்துக்கு இறங்கும் நெடுஞ்சாலையில் சரிவு எத்தனை சதவீதம், எத்தனை மைல் என்று போர்டு இருக்கிறது. சமவெளி வந்துவிட்டதுபோலத் தோன்றும் இடத்தில், ஏமாந்துவிடாதே, இன்னும் நாலு மைல் இறக்கம் பாக்கி என்று லாரிக்காரருக்குத் தனியாகச் சொல்கிறார்கள்.

நமக்கும் பெரிய பட்ஜெட் வேண்டாம். இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் மூன்று தகவல் போதும்: எத்தனை சதவீதம், எத்தனை கிலோமீட்டர், எந்த கியர். கூடவே அந்தப் பெரியவர் சொன்னதையும் எழுதிவிட்டால் புண்ணியம்.

கல்லட்டியில் எடுத்த போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. 36 என்ற போர்டுக்கு முன்னால் எல்லோரும் சிரிக்கிறோம். பின்னால் நிற்கும் காரின் முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை.