சுவருக்கு அப்பால் ஒரு சமையலறை

மோனிச்செல்லியின் 'இ ஸொலிதி இஞ்ஞோத்தி' (1958) 'ரிஃபிஃபி'யைக் கேலி செய்யும் படம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். மறுபடி பார்த்தபோது அந்தத் தீர்ப்பு என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது என்று பட்டது. (தலைப்பு, பிடிபடாத திருடர்களுக்கு இத்தாலியப் பத்திரிகைகள் வைத்திருந்த தேய்ந்த சொற்றொடர் — நம் தினசரிகளின் 'மர்ம ஆசாமிகள்' மாதிரி.)

ஹஸ்டனின் 'அஸ்ஃபால்ட் ஜங்கிள்' (1950), தஸ்ஸேனின் 'ரிஃபிஃபி' (1955) இரண்டிலும் திருடன் ஒரு கைவினைஞன். ரிஃபிஃபியில் ஏறத்தாழ அரைமணி நேரம் பேச்சில்லை, இசையில்லை, கைகளும் கருவிகளும்தான். பிறகு அழிவு வருகிறது. ஆனால் வேலை பழுதில்லாமல் முடிந்துவிட்டது. இந்தக் கௌரவத்தில் நமக்கும் ஒரு ரகசியச் சபலம் உண்டு. யாருக்கும் தெரியாமல், இருட்டில், நுட்பமாகப் பெட்டி திறப்பவன் — சிறுபத்திரிகையில் எழுதுகிறவன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பிம்பமும் ஏறக்குறைய இதுதானே?

மோனிச்செல்லி அந்தக் கௌரவத்தைத்தான் பிடுங்கிக்கொள்கிறார். ரோமில் ஓர் அடகுக்கடைப் பெட்டகத்தைக் குறிவைக்கும் இவர்களுக்கு எந்தத் தொழிலும் சரியாக வராது. பெப்பே அடிவாங்கி விழும் குத்துச்சண்டைக்காரன். திபேரியோ காமிரா கைவிட்டுப்போன புகைப்படக்காரன். சிகரெட் கடத்திய மனைவி சிறையிலிருக்க, கைக்குழந்தையோடு அல்லாடுகிறான். கிழவன் கப்பன்னெல்லே எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கிறான். தொழில் தெரிந்தவர் ஒருவர்தான், தோத்தோ நடிக்கும் தாந்தே. அவர் பாடம் நடத்துவார், கருவிகளை வாடகைக்கு விடுவார், கூட வரமாட்டார். (விமர்சகன் என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது.)

பெட்டகம் திறக்கப்படுவதைத் திருட்டுக் காமிராவால் தூரத்திலிருந்து படம்பிடித்துப் போட்டுப் பார்க்கிறார்கள். முக்கியமான தருணத்தில் கொடியில் உலரும் துணி மறைத்துவிடுகிறது. கோஸிமோ அடகுக்கடையில் துப்பாக்கியை நீட்டுகிறான். கவுண்டரில் இருப்பவன் அதை அடகுக்கு வந்த சாமான் என்று வாங்கிப் பார்த்து விலை மதிக்கிறான். பிறகு அதே கோஸிமோ ஒரு கைப்பையைப் பறிக்கப்போய் டிராமில் அடிபட்டுச் சாகிறான். தி வெனான்ஸோவின் காமிரா சிரிப்புக்கென்றும் சாவுக்கென்றும் தனித்தனி வெளிச்சம் வைப்பதில்லை. இரண்டுக்கும் அதே சாம்பல் நிற ரோம்தான். வெறும் கேலிப்படத்தில் இந்தச் சாவுக்கு இடம் ஏது? என் தீர்ப்பு ஆட்டம்கண்டது இங்கேதான்.

உறுத்துவது ஒன்று உண்டு. சிசிலிக்காரன் தன் தங்கை கார்மெலினாவை வீட்டில் பூட்டிவைத்திருப்பது வட்டாரக் கிண்டலாகவே நின்றுவிடுகிறது. பெட்டகப் பூட்டைப் பற்றி இவ்வளவு யோசித்த படம் இந்தப் பூட்டைப் பற்றி யோசிக்கவில்லை.

சுவரை உடைத்தால் அப்பால் பெட்டகமில்லை. அதே வீட்டின் சமையலறை. கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கால்வினோவின் கதையொன்றில் இனிப்புக்கடைக்குள் புகுந்த திருடர்கள் வந்த காரியத்தை மறந்து தின்னத் தொடங்குவார்கள். படத்தின் வித்து அது என்பார்கள். ஆனால் அங்கே இருப்பது வெறி. இவர்களோ வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் மாதிரி, ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

விடிந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். போலீசுக்குப் பயந்து, கூலி வேலைக்குக் காத்து நிற்கும் கும்பலில் ஒளிகிறான் பெப்பே. கும்பல் அவனையும் வாசலுக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. வேலை செய்ய வைத்துவிடுவார்களே என்று வெளியே கிழவன் பதறுகிறான்.