அமலின் தலையும் ஜமீலாவின் கூந்தலும்
பாடசாலை நாவல்கள் பற்றிய ஒரு வாசிப்பு

உயர்தர வகுப்பில் படிக்கும் என் மகள், இரண்டு இரவுகளில் ஓர் ஆங்கில நாவலை வாசித்து முடித்துவிட்டு மூன்றாம் நாள் காலை என்னிடம் வந்தாள். "வாப்பா, இந்தக் கதையில அவ ஒராள் மட்டும்தான் ஸ்காபோட ஸ்கூலுக்குப் போறா. அதாலதான் அவ்வளவு பிரச்சினையும். எங்கட ஸ்கூல்ல எல்லாரும் போட்டிருக்கம். அப்ப எங்களுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்லாமத்தானே இரிக்கணும்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவளுடைய கேள்வியில் கேள்வியைவிட அனுபவமே கூடுதலாக இருந்தது. அந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாவலையும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சிலவற்றையும் மீண்டும் வாசித்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

அவள் வாசித்தது ரந்தா அப்தல் பத்தாஹ் எழுதி 2005இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்த 'டஸ் மை ஹெட் லுக் பிக் இன் திஸ்?' என்னும் நாவல். உடுப்பு வாங்கப் போகும் பெண்கள் கண்ணாடியின் முன் நின்று கேட்கும் கேள்வியைத் தலைக்கு ஏற்றிக் கேட்கிறது தலைப்பு. பலஸ்தீனப் பூர்வீகம் கொண்ட பெற்றோருக்கு மெல்பேர்ணில் பிறந்து வளர்ந்த பதினாறு வயது அமல், முழுநேரமும் ஹிஜாப் அணிவதென்று தீர்மானிக்கிறாள். அவள் படிப்பதோ வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பாடசாலை. கதை நிகழும் ஆண்டு 2002. அவ்வாண்டு ஒக்டோபரில் பாலித் தீவில் நடந்த குண்டுவெடிப்பில் 202 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 88 பேர் அவுஸ்திரேலியர்கள். அந்தத் துயரம் வகுப்பறைக்குள் வந்து அமலின் பக்கம் விரல் நீட்டுவதும் நாவலில் உண்டு.

மேற்கின் இளைஞர் இலக்கியத்தில் பாடசாலைச் செல்வாக்குப் பற்றிய கதைகள் தனியொரு கிளையாகவே வளர்ந்தவை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாரை விருந்துக்கு அழைக்கிறார்கள், யாரைப் பார்த்தும் பாராமல் போகிறார்கள் என்பவையே அவற்றின் அரசியல். 1967இல் எஸ். ஈ. ஹின்ரன் 'த அவுட்சைடர்ஸ்' நாவலை வெளியிட்டபோது அவருக்கு வயது பதினெட்டு. பணக்காரப் பையன்களும் ஏழைப் பையன்களும் இரண்டு குழுக்களாகப் பிரிந்து மோதும் அந்நாவலுக்குப் பிறகு, பதின்பருவத்தினரின் உலகைப் பெரியவர்களின் புத்திமதி இல்லாமல் எழுதலாம் என்ற துணிவு பிறந்தது எனலாம். இந்தக் கிளையில் வந்த இரண்டு நாவல்களை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். அமலை அளக்க அவை உதவும்.

முதலாவது, ரொபேர்ட் கோர்மியரின் 'த சொக்கலேட் வோர்' (1974). ஒரு கத்தோலிக்க ஆண்கள் பாடசாலையில் நிதி சேர்ப்பதற்காகச் சொக்கலேட் விற்கச் சொல்கிறார்கள். ஜெரி என்ற மாணவனுக்கு, பத்து நாட்களுக்கு மறுத்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொள்ளும்படி இரகசிய மாணவர் குழுவொன்று கட்டளையிடுகிறது. பத்து நாட்கள் முடிந்த பின்னரும் அவன் தன் விருப்பில் மறுக்கிறான். தொடக்கத்தில் மற்றவர்கள் அவனை வியந்து பார்க்கிறார்கள். பின்னர் அந்தக் குழு, சொக்கலேட் விற்பதுதான் இப்போது மதிப்பான காரியம் என்று பாடசாலையையே நம்பவைக்கிறது. ஒரே வாரத்தில் ஜெரி அந்நியனாகிறான். செல்வாக்கு தானாக முளைப்பதில்லை, அதைச் சிலர் உட்கார்ந்து உற்பத்தி செய்கிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு பாடசாலை நாவலை நான் வாசித்ததில்லை. முடிவில் ஜெரி அடிபட்டு வீழ்கிறான், மனத்தாலும் வீழ்கிறான். அந்த முடிவுக்காகவே சில பதிப்பகங்கள் நூலை மறுத்தன. கோர்மியர் முடிவை மாற்றவில்லை.

இரண்டாவது, ஜெரி ஸ்பினெல்லியின் 'ஸ்டார்கேர்ள்' (2000). அரிசோனாவின் ஒரு பாடசாலைக்கு, அதுவரை வீட்டிலேயே படித்த ஒரு பெண் வருகிறாள். விநோதமான உடை, தோளில் யூகலேலி, கூடவே ஒரு எலி. முதலில் எல்லோரும் அவளைக் கொண்டாடுகிறார்கள். எதிரணியின் வெற்றிக்கும் அவள் ஆரவாரம் செய்தபோது எல்லோரும் ஒதுக்குகிறார்கள். அவளை நேசிக்கும் லியோ, மற்றவர்களைப்போல் மாறிவிடு என்று கெஞ்சுகிறான். அவள் மாறுகிறாள். அப்படியும் கூட்டம் அவளை ஏற்கவில்லை. ஒத்துப்போவதால் ஏற்றுக்கொள்ளப்படுவோம் என்ற நம்பிக்கையை அந்த இடத்தில் நாவல் உடைக்கிறது. அதிலும் முக்கியம், கதையைச் சொல்பவன் லியோ. ஒதுக்கப்பட்டவளின் பெருமையை அல்ல, கைவிட்டவனின் குற்றவுணர்வையே நாம் கேட்கிறோம்.

இப்போது அமலுக்கு வருவோம். நாவலின் பலம் அதன் சிரிப்பு. உடற்பயிற்சி இயந்திரத்தில் ஓடியபடி 'பிரண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில்தான் அமலுக்குத் தீர்மானம் பிறக்கிறது. வானத்திலிருந்து ஒளி இறங்கவில்லை. பெற்றோரோ வற்புறுத்தவில்லை, மாறாக யோசித்துச் செய் என்று தயங்குகிறார்கள். முஸ்லிம் பெண் என்றாலே வாப்பாவின் அதட்டலுக்கு அஞ்சி முக்காடிட்டவள் என்று எழுதிப் பழகிய ஆங்கிலச் சந்தையில் இது சிறிய காரியமல்ல. குண்டுவெடிப்புக்குப் பின் இஸ்லாத்தையும் பயங்கரவாதத்தையும் பற்றிப் பேசும்படி சக மாணவி கேட்கும்போது அமல் மறுக்கும் இடம் நாவலின் உயரமான இடங்களில் ஒன்று. ஒரு கூட்டத்தின் சார்பாக விளக்கம் சொல்லும் கடமையிலிருந்து ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தன்னை விடுவித்துக்கொள்கிறாள்.

ஆயினும் ஆசிரியை அமலை அளவுக்கு மீறிப் பாதுகாக்கிறார். அவளுடைய நெருங்கிய தோழிகள் ஒருவர்கூட விலகுவதில்லை. கேலி செய்பவள் தொடக்கத்திலிருந்தே கேலி செய்பவளாகப் படைக்கப்பட்டவள். அவள் பக்கம் இருப்பதால் அமல் எதையும் இழக்கப்போவதில்லை. ஆதமோடு ஏற்படும் மனவிரிசல் ஒன்றுதான் வலிக்கிறது. அங்கும் அமலின் வாதத்திறமை எப்போதும் ஒருபடி மேலே நிற்கிறது. லியோவைப்போல், நேசித்துக்கொண்டே கைவிடும் ஒருவர் இந்நாவலில் இல்லை. கைவிடுபவர் இல்லாத இடத்தில் தைரியத்தின் விலை எவ்வளவு என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது.

பக்கக் கதைகளில் நாவல் இதைவிட ஆழமாகப் போகிறது. அமலின் மாமாவும் மாமியும் தம் அரபுப் பெயர்களை விட்டு ஜோ என்றும் மேண்டி என்றும் வாழ்கிறார்கள். அவுஸ்திரேலியரைவிட அவுஸ்திரேலியராகத் தோன்ற அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால், பாடசாலையின் செல்வாக்குப் போட்டி பாடசாலையோடு முடிவதில்லை என்பது விளங்கும். நாவல் அவர்களைச் சிரிப்புக்குரியவர்களாக விட்டுவிடுவது ஒரு குறை. அயல்வீட்டுக் கிரேக்கக் கிழவி திருமதி வசெல்லி அப்படியல்ல. மதம் மாறிய மகனோடு பேசாதிருக்கும் அந்தத் தாய், கடுகடுப்பும் தனிமையுமாக உயிரோடு நடமாடுகிறார்.

இதே ஆசிரியையின் அடுத்த நாவலான 'டென் திங்ஸ் ஐ ஹேட் அபவுட் மி' (2006) பிரச்சினையின் மறுபக்கத்தை எடுக்கிறது. சிட்னியில் வாழும் லெபனானிய வம்சாவளிப் பெண் ஜமீலா, கூந்தலுக்குப் பொன்னிறம் பூசி, கண்ணுக்கு நீல வில்லை இட்டு, பாடசாலையில் ஜேமி என்ற பெயரில் ஒளிந்து வாழ்கிறாள். தன் இனத்தாரைப் பற்றிய கேலி எழும்போது வாய்மூடி இருக்கிறாள். 2005 டிசம்பரில் குரொனுல்லா கடற்கரையில் அரபுத் தோற்றமுள்ளவர்கள் மீது நடந்த வன்முறையை அறிந்தவர்களுக்கு, அவள் ஏன் ஒளிகிறாள் என்று விளக்க வேண்டியதில்லை. என் கணிப்பில் அமலைவிட ஜமீலாவே உண்மையான பாத்திரம். அமலைப்போல் ஆக நாம் விரும்புவோம், ஆனால் ஜமீலாவைப்போல்தான் பெரும்பாலும் நடந்துகொள்வோம்.

ஆனால் முடிவில் ஜமீலா பாடசாலை விழா மேடையில் தர்புக்கா வாசித்துத் தன்னை வெளிப்படுத்துகிறாள். கூட்டத்திற்கு அஞ்சி ஒளிந்தவள் கூட்டத்தின் முன்னிலையிலேயே விடுதலை பெறுகிறாள். கைதட்டு கிடைத்தால்தான் உண்மை செல்லுபடியாகும் என்றால், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதே கூட்டத்திடமே இருக்கிறது. மேடையும் கைதட்டும் இல்லாமல் ஒரு சாதாரண திங்கட்கிழமை காலையில் அவள் தன் பெயரைச் சொல்லியிருந்தால்? கோர்மியர் அந்தத் திங்கட்கிழமையை எழுதியவர்.

மகளின் கேள்விக்கான பதில், அமலின் நாவல் எழுதாமல் விட்ட பக்கங்களில் இருக்கிறது. அமல் முன்னர் ஹிதாயா என்ற இஸ்லாமியப் பாடசாலையில் படித்தவள். அங்கே ஹிஜாப் சீருடையின் பகுதி. அந்த ஹிதாயாவை நாவல் அன்பான நினைவாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. எல்லோரும் தலையை மூடிய வகுப்பறையில் யார் அரசி, யார் தனிமைப்பட்டவள், அங்கே எது அளவுகோல் என்பதை அது கேட்கவேயில்லை. மகளிடமே திருப்பிக் கேட்டேன். அவள் விரல் மடித்துச் சொன்னாள்: ஸ்காபைக் குத்தும் ஊசி, சப்பாத்தின் விலை, ரியூசன் வகுப்பு, வாப்பா வெளிநாட்டில் இருக்கிறாரா, பேச்சில் ஊர்வாடை அடிக்கிறதா. ஒரு பிள்ளை இடைவேளையில் தனியாகச் சாப்பிடுகிறாளாம். ஏனென்று யாருக்கும் தெரியாதாம்.

இங்குதான் நமக்கான வேலை இருக்கிறது. பாடசாலையைப் பற்றி நாமும் எழுதுகிறோம். ஆனால் பெரும்பாலும் பழைய ஆசிரியரை நினைந்து உருகுகிறோம், அல்லது வழிதவறும் இளைஞருக்கு அறிவுரை சொல்கிறோம். இரண்டிலும் பேசுவது நாற்பது வயதுக்காரரே. அமலின் கதையைக் கையில் கிடைத்த நற்போதனை நூலாக மட்டும் கொண்டாடுவதும் அதே தவறுதான். அப்படி வாசித்தால், வெள்ளைக்காரப் பாடசாலையின் கொடுமை தெரியும், நம் பாடசாலையின் கொடுமை தெரியாது. சிறுபான்மையாக இருப்பதன் வலியை நாம் நன்கு அறிவோம். நமக்குள்ளேயே ஒருத்தியைச் சிறுபான்மையாக்கும் கலையையும் அறிவோம், ஆனால் அதை எழுதுவதில்லை.

அமலையும் ஜமீலாவையும் நம் பிள்ளைகள் வாசிக்கட்டும். கூடவே கோர்மியரையும் ஸ்பினெல்லியையும் வாசிக்கட்டும். அதன்பின் அவர்களில் ஒருவர் நம் ஹிதாயாவை, நம் மொழியில், எழுதவேண்டும். தனியாகச் சாப்பிடும் அந்தப் பிள்ளை எழுதினாலும் சரி. லியோவைப்போல், அவளுக்குப் பக்கத்தில் போய் உட்காராத ஒருத்தி எழுதினாலும் சரி.

இதை மகளிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. சற்றுநேரம் கழித்து, "நானும் அவவோட போய்ச் சாப்பிட்டதில்ல வாப்பா" என்றாள்.