தாரில் உருளாத உருண்டை

புதுச்சேரி மிஷன் வீதியில் மாடு சாணி போட்டால் முதலில் வருவது ஈ, அடுத்தது ஸ்கூட்டர் சக்கரம். சாணி வண்டு வந்தாலும் அங்கே அதற்கு வேலையில்லை. தோண்ட மண் வேண்டுமே! நீடித்த கால்நடை வளர்ப்புக்குச் சாணி வண்டே துணை என்பவர்களிடம், எந்த மாட்டுக்கு, எந்தத் தரையில் என்று கேட்கத் தோன்றுகிறது.

அவர்கள் காட்டும் சான்று ஆஸ்திரேலியா. அந்நாட்டு வண்டுகளுக்குப் பழக்கம் கங்காருவின் உலர்ந்த புழுக்கை. குடியேறிகள் கொண்டுவந்த மாடுகளின் சாணி சீந்துவாரின்றிக் கிடந்தது, ஈ பெருகியது. பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிசா முன்னின்று 1965 முதல் 1985 வரை நடத்திய திட்டத்தில் வெளிநாட்டு வண்டுகளை இறக்கினார்கள். விட்ட 43 இனங்களில் வேரூன்றியவை 23. வெற்றிதான். ஆனால் அது காலியாக இருந்த இடத்தை நிரப்பிய வெற்றி. மாடும் வண்டும் தொன்றுதொட்டுச் சேர்ந்து வாழும் நம் மண்ணில் அப்படியொரு காலியிடம் இல்லை.

போதாததற்கு, நம் சாணிக்குப் போட்டி அதிகம். வறட்டிக்கு, எருக்குழிக்கு, வாசல் தெளிக்க என்று வண்டுக்கு முன்பே கூடை வந்துவிடும். கொட்டகையில் கட்டித் தவிடும் புண்ணாக்கும் வைத்து வளர்க்கும் பசுவுக்கு வண்டால் பெரிய ஆதாயம் கிடையாது. ஊசுட்டேரிக் கரை, பாகூர்ப் பக்கத்து அறுவடை முடிந்த வயல் போன்ற மேய்ச்சல் தரையில்தான் அதன் அருமை தெரியும். சாணியை மண்ணுக்குள் இழுத்துப் புதைப்பதால் தழைச்சத்து காற்றில் போவது குறைகிறது. அது தோண்டிய வளைவழியே மழைநீர் இறங்குகிறது. ஈ முட்டையிடச் சாணி மிஞ்சுவதில்லை.

அந்த வண்டுக்கு எமன் ஊசி வடிவில் வருகிறான். குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் சாணியோடு வெளியேறி, அதைத் தின்னும் வண்டுப் புழுக்களைக் கொல்கிறது. அதற்காக ஊசியே வேண்டாம் என்பது மாட்டுக்குச் செய்யும் துரோகம். சாணியைப் பரிசோதித்துத் தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் போடலாம். போட்ட மாட்டைச் சில வாரம் கொட்டகையிலேயே கட்டலாம். வண்டு வளர்ப்புத் திட்டத்தைவிட இதற்குச் செலவு குறைவு.

பள்ளிகளுக்கும் இந்த வண்டு நல்ல பாடம்தான், ‘இயற்கையின் துப்புரவாளர்’ என்று படம் வரைந்து ஒட்டுவதோடு நிற்காவிட்டால். அந்தப் பட்டமே எனக்கு உறுத்துகிறது. துப்புரவைப் பிறப்போடு ஒட்டவைத்த சமூகம் இது. அதற்குப் பதில், பிரெஞ்சு வாசனை மிச்சமிருக்கும் இந்த ஊர் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாப்ரை நினைத்துப் பார்க்கலாம். வண்டு உருட்டிச் செல்லும் உருண்டைக்குள் முட்டை இருக்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. உருட்டுவது தன் தீனியை, முட்டை இருப்பது மண்ணுக்கடியில் பேரிக்காய் வடிவ உருண்டையில் என்று அவர் கண்டறிந்தார். அந்தப் பேரிக்காயைத் தோண்டிக் கொண்டுவந்து கொடுத்தவர் ஓர் இளம் மேய்ப்பர்.

பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டி ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகலாம். கூடவே நாய் வேண்டாம். வண்டைத் தின்னும் நாய்க்கு உணவுக்குழாய்ப் புழு தொற்றக்கூடும். நேற்றைய சாணியைப் புரட்டியும் வண்டு இல்லையென்றால், கேள்வியை மாடு மேய்ப்பவரிடம் கொண்டுபோகட்டும்: “அண்ணே, இந்த மாட்டுக்கு எப்போ ஊசி போட்டீங்க?”