கடைசியில் நிற்பவரை முதலில் பாருங்கள்

2006 ஜூலை 9. பெர்லின் ஒலிம்பிக் மைதானம். உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இத்தாலியும் பிரான்சும் 1-1 என்று நிற்கின்றன. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியப் போகிறது. வலப்பக்கத்திலிருந்து பிரான்சின் சன்யோல் பந்தைத் தூக்கிப் போடுகிறார். ஓடி வந்த அவரது சக வீரர் ஸிடான் எம்பித் தலையால் முட்டுகிறார். குறுக்குக் கம்பத்துக்குச் சற்றுக் கீழே புகுந்து வலையில் விழ வேண்டிய பந்து அது. இத்தாலியின் கோல்கீப்பர் ஜியான்லூயிஜி பஃபோன் எகிறி, ஒற்றைக் கையால் அதைக் கம்பத்துக்கு மேலே தட்டிவிடுகிறார். ஸிடான் ஆற்றாமையில் கத்துகிறார்.

அந்தப் போட்டியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலானோர் சொல்வது சில நிமிடங்கள் கழித்து நடந்ததை. ஸிடான் இத்தாலியின் மாத்தெராஸியின் மார்பில் முட்டினார், சிவப்பு அட்டை வாங்கினார், கோப்பையைக் கடந்து நடந்து போனார். அதற்கு முன் அவர் முட்டிய பந்து உள்ளே போயிருந்தால் அந்தக் கோப்பை பிரான்சுக்கே போயிருக்கக்கூடும். அது அதிகம் பேசப்படுவதில்லை.

கோல் அடித்தால் பலகையில் எண் மாறும். தடுத்தால் பலகை அப்படியே இருக்கும். நடக்காமல் போன ஒன்றுதான் கோல்கீப்பர் செய்த வேலை. அதைப் பார்க்கக் கண்ணைக் கொஞ்சம் பழக்க வேண்டும். பழகிக்கொள்ள பஃபோனைவிட நல்ல பாடப் புத்தகம் எனக்குத் தெரியாது. 17 வயதில் தொடங்கி 45 வயது வரை கம்பங்களுக்கு நடுவே நின்றவர் அவர்.

பந்தை விட்டுக் காலைப் பாருங்கள்

டைவ் எல்லோர் கண்ணிலும் படும். டைவுக்கு முந்தைய நொடியைப் பாருங்கள். எதிரணி வீரர் உதைக்கக் காலை ஓங்கும்போது, நல்ல கோல்கீப்பர் சின்னதாக ஒரு துள்ளு துள்ளி இரண்டு கால்களையும் ஊன்றிக்கொள்வார். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். உடம்பின் கனம் குதிகாலில் இருக்காது, முன்பாதத்தில் இருக்கும். கைகள் இடுப்புக்கு முன்னால் தயாராக நிற்கும்.

பந்து உதைபடும் கணத்தில் அவர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால், முதலில் நின்று, பிறகுதான் பாய முடியும். அதற்குள் பந்து வலையில் கிடக்கும். அழகான டைவ் என்று நாம் கைதட்டுவதில் பாதிக்கு மேல் கால் செய்த வேலை. டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இது நேரலையில் தப்பிவிடும். ரீப்ளே வரும்போது பந்தை விட்டுவிட்டு அவருடைய பாதங்களை மட்டும் பாருங்கள்.

மனத்தில் ஒரு கயிறு கட்டுங்கள்

இரண்டு கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர். உயரம் 2.44 மீட்டர். எவ்வளவு உயரமானவர் கையை விரித்து நின்றாலும் இதை மறைக்க முடியாது. பயிற்சியின்போது பந்து இருக்கும் இடத்திலிருந்து இரு கம்பங்களுக்கும் கயிறு கட்டிக் காட்டுவார்கள். கோல் கோட்டிலேயே நின்றால் இரண்டு கயிறும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். பந்தை நோக்கி நாலு எட்டு முன்னே வந்தால் கயிறுகள் நெருங்கிவிடும், கையை நீட்டினால் தொடலாம். ரொம்பவும் முன்னே வந்துவிட்டால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். பந்து நகர நகர இந்த முக்கோணமும் நகரும். 90 நிமிடமும் அவர் அதற்குள் தன் இடத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

"நேராக அவர் கையிலேயே அடித்துவிட்டானே" என்று அலுத்துக்கொள்கிறோம் அல்லவா? பல நேரம் பந்து அவரிடம் போகவில்லை, அவர்தான் பந்து வரும் இடத்துக்கு முன்கூட்டியே வந்து நின்றார். வயதாக ஆக பஃபோனைக் காப்பாற்றியது இந்தக் கலைதான். உடம்பின் வேகம் குறையும்போது நிற்கும் இடம் துல்லியமாக இருக்க வேண்டும்.

பிடித்தாரா, தட்டினாரா?

கையையும் கவனியுங்கள். மார்புக்கு மேலே வரும் பந்தைப் பிடிக்கக் கட்டைவிரல்கள் இரண்டும் நெருங்கிப் பந்தின் பின்னால் நிற்கும். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர்ந்து, இரு கைகளும் தண்ணீர் அள்ளுவதுபோல் குவியும். முடிந்தவரை உடம்பும் பந்துக்குப் பின்னால் வந்துவிடும், கை தவறினாலும் மார்பு தடுக்கட்டும் என்று.

பிடிக்க முடியாத பந்தை எங்கே தள்ளுகிறார் என்பதில் தரம் தெரியும். நேரே முன்னால் தட்டினால் காத்திருக்கும் எதிரணி வீரர் மறுபடி உதைப்பார். பக்கவாட்டிலோ கம்பத்துக்கு மேலேயோ தள்ளினால் ஆபத்து நீங்கிவிடும். பெர்லினில் பஃபோன் செய்தது இதைத்தான். கண்மூடித் திறக்கும் நேரத்தில் தடுத்ததோடு நிற்காமல் பந்தை எங்கே அனுப்புவது என்பதையும் அந்தக் கை முடிவு செய்துவிட்டது.

சுத்தமான ஆட்டம் யாருடையது?

2015-16இல் பஃபோன் இத்தாலியின் சீரி ஆ லீகில் தொடர்ந்து 10 போட்டிகளில் ஒரு கோலும் விடவில்லை. மொத்தம் 973 நிமிடங்கள். 1994 முதல் இருந்த செபாஸ்தியானோ ரோஸியின் 929 நிமிடச் சாதனை உடைந்தது. கடைசியில் டொரினோவின் பெலோட்டி ஒரு பெனால்டியில்தான் அந்த வரிசையை முடித்தார்.

இந்த எண்ணை அவருடையது என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். அவருக்கு முன்னால் பர்ஸாக்லி, பொனுச்சி, கியெல்லினி என்று அவருடைய அணியான யுவென்டஸின் தடுப்புச் சுவர் நின்றது. மைதானம் முழுவதையும் எதிரே வைத்துப் பார்க்கக்கூடியவர் கோல்கீப்பர் ஒருவர்தான். பின்னால் ஆள் வருகிறது, இடது பக்கம் மூடு, வெளியே வா என்று அவர் கத்திக்கொண்டே இருப்பார். கார்னர் கிக்கின்போது யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று கைகாட்டுவதைப் பாருங்கள். அவர் பந்தையே தொடாத ஒரு நல்ல நாளில் அவருடைய குரல் வேலை செய்திருக்கிறது.

பெனால்டியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

பெனால்டிப் புள்ளி 11 மீட்டர் தூரத்தில். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்தால் பந்து கோட்டை அடைய 0.4 வினாடி. பார்த்துவிட்டுப் பாய நேரம் கிடையாது.

பஃபோனின் இரண்டு இறுதிப் போட்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2003 சாம்பியன்ஸ் லீக் இறுதி, மான்செஸ்டர். யுவென்டஸும் மிலானும் மோதின. மிலானின் இன்சாகி தலையால் முட்டிய பந்தைப் பாய்ந்து தள்ளி அணியைக் காப்பாற்றினார். ஆட்டம் 0-0. பெனால்டி ஷூட்அவுட்டில் மிலானின் சீடார்ஃப், கலாட்ஸே இருவரின் பெனால்டிகளையும் தடுத்தார். மிலானின் டிடா மூன்றைத் தடுத்தார். யுவென்டஸ் தோற்றது. 2006, பெர்லின் ஷூட்அவுட். பஃபோன் ஒரு பெனால்டியையும் தடுக்கவில்லை. பிரான்சின் ட்ரெஸகே அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, இத்தாலி வென்றது.

இரண்டைத் தடுத்த இரவில் தோல்வி. ஒன்றையும் தடுக்காத இரவில் உலகக் கோப்பை. கோல்கீப்பரைக் கோப்பையை வைத்து அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2006 தொடர் முழுவதும் பஃபோன் விட்டது 2 கோல்கள். ஒன்று சொந்த அணி வீரரின் காலில் பட்டுப் போனது, இன்னொன்று ஸிடானின் பெனால்டி. அவருடைய தரம் அந்தக் கணக்கில் தெரிகிறது.

விழுந்த பிறகு எப்படி நிற்கிறார்?

ஃபார்வர்டு பத்து வாய்ப்பைத் தவறவிட்டு ஒரு கோல் போட்டால் வீரன். கோல்கீப்பர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றுதான் பேச்சு. அதனால் கோல் விழுந்த அடுத்த ஐந்து நிமிடம் ரசிகனுக்கு முக்கியம். அடுத்த பந்துக்குத் தயங்காமல் வெளியே வருகிறாரா? குரல் குறைகிறதா? மறக்கும் திறமைதான் இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ளக் கடினமானது.

பஃபோனும் அதை எளிதாகக் கற்றுவிடவில்லை. இருபதுகளின் நடுவில், புகழின் உச்சியில் இருந்தபோது, மன அழுத்த நோயில் மாதக்கணக்கில் தவித்ததை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். உலகக் கோப்பை வென்ற அதே கோடையில், நடுவர் நியமன ஊழல் விவகாரத்தில் யுவென்டஸ் இரண்டாம் நிலை லீகுக்கு இறக்கப்பட்டது. உலகின் எந்த அணியும் அவருக்கு வாசலைத் திறந்திருக்கும். அவர் அங்கேயே இருந்து, சின்ன ஊர்களின் மைதானங்களில் ஆடி, அணியோடு மேலே ஏறி வந்தார்.

முழு வாழ்க்கையாகப் படியுங்கள்

கர்ராராவில் விளையாட்டுக் குடும்பத்தில் பிறந்த பஃபோன் சிறுவயதில் நடுக்கள ஆட்டக்காரர். 1990 உலகக் கோப்பையில் கேமரூனின் கோல்கீப்பர் தோமா என்கோனோவைப் பார்த்த பிறகு, 12 வயதில் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். பிறகு தன் மூத்த மகனுக்கு லூயி தோமா என்று பெயரிட்டார். 1995 நவம்பர் 19 அன்று, 17 வயதில், பார்மாவுக்காக மிலானுக்கு எதிராக முதல் போட்டி. 2001இல் யுவென்டஸ் அவருக்காகக் கொடுத்தது 5 கோடி யூரோவுக்கும் மேல். கோல்கீப்பருக்கு அதைவிடப் பெரிய தொகையை 2018 வரை யாரும் கொடுக்கவில்லை. கடைசியில் தொடங்கிய பார்மாவுக்கே திரும்பி, 2023இல் கையுறையைக் கழற்றினார்.

இத்தாலிக்காக முதல் போட்டி 1997இல், மாஸ்கோவில், பனி கொட்டும் மைதானத்தில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் பிளேஆஃபில். காயம்பட்ட பல்யூக்காவுக்குப் பதிலாக 19 வயதுப் பையனாக உள்ளே வந்தார். இருபது ஆண்டு கழித்து, 2017 நவம்பரில், மீண்டும் ஒரு பிளேஆஃப், ஸ்வீடனுக்கு எதிரான இரண்டாவது ஆட்டம். ஸ்வீடனின் தேசிய கீதத்துக்கு மிலான் நகர மைதானத்தில் ரசிகர்கள் கூச்சலிட்டபோது பஃபோன் கைதட்டினார். அன்று இத்தாலியால் கோல் போட முடியவில்லை. முதல் ஆட்டத்தில் வாங்கிய ஒரு கோலால் உலகக் கோப்பை கைநழுவியது. கேமராவின் முன் அவர் அழுதார்.

அடுத்த முறை கால்பந்து பார்க்க உட்காரும்போது முதல் பத்து நிமிடத்தைக் கோல்கீப்பருக்குக் கொடுங்கள். கால், நிற்கும் இடம், கை, குரல் என்று வரிசையாகப் பாருங்கள். 0-0 என்று முடியும் ஆட்டத்தை ஒன்றும் நடக்கவில்லை என்று தள்ளிவிடாதீர்கள். மிலானுக்கு எதிராகப் பஃபோன் ஆடிய அந்த முதல் லீக் போட்டி 0-0. இத்தாலிக்காக ஆடி அழுதபடி வெளியேறிய போட்டியும் 0-0. இரண்டிலும் அவர் கோல் விடவில்லை.