தொட்டிலருகே உட்கார்ந்திருப்பவர் யார்?

ஓர் ஓவியத்தைக் காட்டி ஒரு பத்தி எழுதச் சொன்னால், அதில் ஒரு பெண்ணும் குழந்தையும் இருந்துவிட்டால் போதும், நம் மாணவர்கள் 'தாய்மையின் மென்மை' என்று தொடங்கிவிடுவார்கள். பெர்த் மொரிஸோ 1872-இல் வரைந்த 'தொட்டில்' படத்துக்கும் அது பொருந்துவதுபோலத்தான் தெரியும். மெல்லிய வெள்ளைத் திரை, உள்ளே தூங்கும் குழந்தை, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய். சாரோங் துணியில் ஸ்பிரிங் மாட்டிய தொட்டிலைப் பார்த்து வளர்ந்த கிள்ளான் பிள்ளைக்கு இது ஒன்றும் அந்நியக் காட்சி இல்லை.

கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் தாய் யார்? மொரிஸோவின் அக்கா எட்மா. அக்காவும் தங்கையும் கொரோ என்ற ஓவியரிடம் ஒன்றாகப் பயின்றவர்கள். தங்கை ஓவியம் தீட்டுவதை எட்மா வரைந்த படம் இன்றும் இருக்கிறது. கை தேர்ந்தவர் என்று பார்த்ததுமே தெரியும். 1869-இல் அவருக்குக் கல்யாணம். அதோடு தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். இதை மனத்தில் வைத்து மறுபடி பாருங்கள். அந்தப் பார்வையில் பாசம் மட்டுமா இருக்கிறது? எனக்கு யோசனையும் களைப்பும் தெரிகின்றன.

'வாழ்க்கை வரலாறு சான்றாகுமா, டீச்சர்?' என்று நல்ல மாணவன் கேட்பான். நியாயமான கேள்விதான். அவனுக்கு 1879-இல் மொரிஸோ வரைந்த இன்னொரு படத்தைக் காட்டுங்கள். அதில் அவர் மகள் ஜூலிக்குப் பாலூட்டுபவள் தாய் அல்ல, சம்பளத்துக்கு வந்த செவிலி. அவள் பாலூட்டினால்தான் இவர் வரைய முடியும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வேலை செய்கிறாள், இந்தப் பக்கம் ஒருத்தி. கலை வரலாற்றாசிரியர் லிண்டா நோக்லின் இதை உழைப்பின் படமாகவே வாசித்தார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

பெண்கள் ஏன் வீட்டையே வரைந்தார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. மதிப்பான குடும்பத்துப் பெண் காபிக்கடையில் தனியாக உட்கார முடியாத காலம் அது. பாரிஸின் அரசு ஓவியப் பள்ளி பெண்களுக்குக் கதவு திறந்ததே 1897-இல்தான்.

அதே பள்ளியில் 1930-களில் படித்தவர் நம் அம்ரிதா ஷெர்கில். அவர் இம்ப்ரெஷனிஸ்ட் அல்லர்; ஆனால் தென்னிந்தியப் பயணத்துக்குப் பின் 1937-இல் வரைந்த 'மணப்பெண் அலங்காரம்' மொரிஸோவுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடை விளம்பரங்களில் மணப்பெண் சிரித்துக்கொண்டே இருப்பாள். இங்கே சுற்றிலும் பெண்கள், உள்ளங்கையில் மருதாணிச் சிவப்பு, முகத்தில் மட்டும் கல்யாணக் களை இல்லை.

வகுப்பில் 'தொட்டில்', 'மணப்பெண் அலங்காரம்' இரண்டையும் பக்கம் பக்கமாகக் காட்டுங்கள். 'மென்மை' என்ற சொல்லுக்கு ஒருநாள் தடை போடுங்கள். யாருடைய கை என்ன செய்கிறது, யார் யாரைப் பார்க்கவில்லை என்று முதலில் குறித்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.