நிரலில் ஏறாத சட்டம்

சட்ட வாசகத்தை விதிகளாகப் பிரித்து ஒரு மாதிரிக்குள் கொண்டுவந்துவிட்டால், மென்பொருளுக்கான தேவைகள் தாமே கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பழையது. அதற்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது 1986இல் வெளியான ஒரு கட்டுரை. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மாரெக் செர்காட், ராபர்ட் கோவால்ஸ்கி முதலியோர் 1981ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தைப் புரோலாக் என்ற நிரல்மொழியில் எழுதிப் பார்த்தார்கள்.

முதல் உட்பிரிவு சிக்கலின்றி ஏறியது. பிரிட்டனில் பிறந்த குழந்தையின் தாயோ தந்தையோ அப்போது குடிமக்களாகவோ அங்கே நிலையாகக் குடியேறியவர்களாகவோ இருந்தால் குழந்தைக்குக் குடியுரிமை உண்டு. அடுத்த உட்பிரிவில்தான் வினை. கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தையை, மாறாக நிரூபிக்கப்படாதவரை, அத்தகைய பெற்றோருக்கு அங்கே பிறந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். நிரூபிக்க முடியாததைப் பொய்யென்று கொள்வது புரோலாக்கின் இயல்பு. மேலோட்டமாக இரண்டும் பொருந்துகின்றன. ஐந்தாண்டு கழித்துப் பெற்றவர்கள் வெளிநாட்டுப் பயணிகள் என்று தெரியவந்தால்? தகவலை உள்ளிட்டதும் நிரலின் பழைய விடை சத்தமில்லாமல் மாறிவிடும். இடையில் கொடுத்த பாஸ்போர்ட் என்னாவது? எத்தனை காலத்துக்குள் நிரூபிக்க வேண்டும், யாரிடம் என்பதை அந்த உட்பிரிவு சொல்லவில்லை. கட்டுரையாளர்களே இந்தச் சிக்கலை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த முயற்சியின் உண்மையான பலன் இதுதான் என்பேன்: ஓடும் நிரலைவிட, சட்டம் எங்கே வாய் திறக்கவில்லை என்பது தெரியவந்ததே பெரிது.

அதே சட்டம் குடியுரிமை கோரி விண்ணப்பிப்பவருக்கு 'நன்னடத்தை' வேண்டும் என்கிறது. இதையும் மதிப்பெண் போட்டு விதியாக்கத் துணிபவர் சட்டத்தை மாதிரியாக்கவில்லை, புதிதாக இயற்றுகிறார். அந்த இடத்தைக் காலியாக விட்டு, முடிவெடுக்கும் அதிகாரி யார் என்று மட்டும் குறிப்பதே நேர்மை. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோஃபெல்டு 1913இல் வகுத்த உரிமை, கடமைப் பாகுபாட்டைக் கொண்டு கட்டிய பிற்கால மாதிரிகள் இங்கே உதவும். ஒருவருக்கு உரிமை என்றால் அதற்குக் கடமைப்பட்டவர் யார் என்ற கேள்வியை அவை தட்டிக்கழிக்க விடுவதில்லை.

அரசு உதவித்தொகையைக் கூடுதலாகப் பெற்றவர்கள் என்று கணினி கணித்தவர்களிடம் பணத்தைத் திரும்பக் கேட்ட, ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' திட்டத்தை இத்தகைய மாதிரி ஏதும் தடுத்திருக்குமா? அங்கே உதவித்தொகையைச் சட்டப்படி இருவார வருமானத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். கணினியோ ஆண்டு வருமானத்தை 26ஆல் வகுத்தது. அரையாண்டு வேலை பார்த்து, அரையாண்டு வேலையின்றி உதவித்தொகை பெற்றவர் ஆண்டு முழுவதும் சம்பாதித்தவராகத் தெரிந்தார். கடன் நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. இது சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2014லேயே துறைக்குள் சட்ட ஆலோசனை தரப்பட்டிருந்ததை, 2023இல் அறிக்கை தந்த விசாரணை ஆணையம் வெளிக்கொணர்ந்தது. தெரிந்தே மீறுபவரை எந்த வரைபடமும் நிறுத்தாது. ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் அதன் சட்டப்பிரிவை எழுதியே தீர வேண்டும் என்றிருந்தால், '26ஆல் வகு' என்ற வரிக்கு எதிரே எழுதப் பிரிவே இருந்திருக்காது. கையெழுத்துப் போடுபவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டுதான் போட்டிருக்க வேண்டும்.

ஆகவே, பிரிவோடு பிணைத்த மாதிரி தேவைப் பகுப்பாய்வில் கட்டாயம் இருக்க வேண்டும். 'சட்டத்துக்கு உட்பட்டது' என்ற சான்றிதழாக அதை ஏற்கக் கூடாது.